பாரிஸ் ஆடையலங்கார வாரம் காணச் செல்வோமா?

ஆள் பாதி, ஆடை பாதி என்பர் நம் முன்னோர். ஆடைக்கென்றே ஆண்டில் இருமுறை விழா எடுக்கும் நகரம் பாரிஸ். மார்ச் மாதத்தையும் செப்டம்பர் இறுதியையும் ஒட்டிப் பெண்களுக்கான ஆயத்த ஆடைகள் அங்கே அரங்கேறுகின்றன. இலையுதிர் காலத்தில் காட்டப்படுவதோ அடுத்த வசந்தத்தின் ஆடைகள்! கடைக்காரர்கள் தேர்ந்தெடுத்து, தைத்து வரவழைக்க மாதங்கள் பல வேண்டுமல்லவா?

நாம் ஒன்றை முதலில் அறிய வேண்டும். இக்காட்சிகளுக்கு நுழைவுச்சீட்டு விற்பதில்லை. பத்திரிகையாளர், வணிகர் போன்ற அழைக்கப்பட்டோருக்கே இடமுண்டு. அழைப்பிதழ் வாங்கித் தருவதாகப் பணம் கேட்போரிடம் பெற்றோரின் சேமிப்பைக் கொடுத்துவிடலாகாது. வாசலில் நின்று வருவோர் போவோரின் உடையைப் பார்க்கலாம். அதற்காகவா அவ்வளவு தூரம்?

ஆகவே அருங்காட்சியகங்களை நம்பியே புறப்படுவோம். 1947இல் கிறிஸ்தியான் தியோர் தம் முதல் ஆடைகளைக் காட்டிய மொன்தேன் சாலை இல்லத்தில் 2022இல் ஒரு காட்சிக்கூடம் திறக்கப்பட்டது. விலையுயர்ந்த துணியை வெட்டுமுன் வெள்ளைப் பருத்தியில் தைத்துப் பார்த்த மாதிரிகள் அங்கே உள்ளன. தையல் வகுப்பில் அமர்ந்திருக்கும் நமக்கு மேடை நடையைவிட அதுவே பெரிய பாடம். அதே நிறுவனம் 2023 மார்ச்சில் மும்பை ‘இந்தியாவின் நுழைவாயில்’ முன் காட்சி நடத்தியபோது, மும்பைக் கைவினைஞர்களின் பூவேலையே மேடையை அலங்கரித்தது. அதைச் செய்த கைகளைக் காண பாரிசுக்குப் போக வேண்டியதில்லை!

விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். விழா வாரத்தில் அறை வாடகை ஏறிவிடும். விழா முடிந்த மறுவாரம் சென்றாலும் அருங்காட்சியகங்கள் அங்கேதான் இருக்கும்.