ஒட்டுத்துணிப் போர்வையின் கட்டத்தைச் சிறிதாக்குவது எப்படி?

கேள்வி: பாட்டி தைத்த ஒட்டுத்துணிப் போர்வையில் ஒன்பது சதுரங்கள் கூடிய கட்டம் 12 அங்குலம். பேரக்குழந்தையின் தொட்டிலுக்காக அதை 9 அங்குலமாக்க வேண்டும். காளஹஸ்திக் கலம்காரித் துண்டுகளையும் சேர்க்கலாமா?
- ஒரு வாசகி, சித்தூர்.

பதில்: பழைய நூற்புடவைகளை அடுக்கி, ஒட்டுத்துணி பரப்பி, நெருக்கமாக ஓட்டுத்தையல் போடும் இக்கலையை உங்கள் சீமையின் பெண்மணிகள் சிரத்தையுடன் போற்றி வந்திருக்கின்றனர். கட்டத்தைச் சிறிதாக்கும்போது பலரும் தவறுவது, வெட்டிய துண்டின் அளவையே விகிதப்படி குறைப்பதனால்தான். பாட்டியின் கட்டத்தில் ஒவ்வொரு சதுரமும் தைத்தபின் 4 அங்குலமாக நிற்க வேண்டுமானால், நாற்புறமும் தையலுக்குக் கால் அங்குலம் விட்டு 4½ அங்குலமாக வெட்டியிருக்க வேண்டும். அதனை முக்கால் பங்காக்கி 3⅜ அங்குலமாக வெட்டினால், கட்டம் 8⅝ அங்குலமாகக் குறுகிவிடும். ஆகவே, தைத்தபின் நிற்கும் 4 அங்குலத்தை முதலில் 3 ஆக்கி, அதன்பின் தையலுக்குரிய அரை அங்குலத்தைக் கூட்டி, 3½ அங்குலமாக வெட்டுங்கள். தையலுக்கு விடும் துணி மட்டும் எந்த அளவிலும் மாறலாகாது.

கலம்காரித் துண்டுகளைத் தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் அவற்றை முன்னதாகவே தனியே குளிர்ந்த நீரில் அலசி, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகே வெட்ட வேண்டும். இல்லையேல் பின்னால் துணி சுருங்குவதும், சாயம் பக்கத்துத் துண்டில் ஏறுவதும் உண்டு. முதலில் ஒரேயொரு கட்டத்தைத் தைத்து அளந்து பார்த்து, அது சரியான பிறகே மற்றவற்றை வெட்டத் தொடங்குங்கள்.