காலடியில் கிடக்கும் கல்

அன்புள்ள மதிக்கு,

அத்தை எழுதுகிறேன். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் சாந்தோம், லஸ், சின்னமலை, பரங்கிமலை நான்கையும் பார்த்துவிட்டதாக எழுதியிருந்தாய். படங்களும் வந்து சேர்ந்தன. எல்லாவற்றிலும் கோபுரம் இருக்கிறது, பீடம் இருக்கிறது. தரை மட்டும் ஒன்றிலும் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

பழைய தேவாலயத்துக்குப் போனால் முதலில் குனிந்து பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. கோபுரம் எங்கேயும் போகாது. தரைதான் மாறிக்கொண்டே இருக்கிறது.

கல்லூரியில் படித்த நாளில், நம் ஊரில் ஒரு சின்ன மாதா கோயிலில், பக்கவாட்டு வாசலை ஒட்டி ஒரு கல்லறைக் கல்லைப் பார்த்தேன். ஓரம் முழுக்கக் கொடி செதுக்கியிருந்தது. நடுவில் ஒரு பெண்ணின் பெயர். ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள் கால் பட்டுப் பட்டு மழுங்கிவிட்டன. தாயும் குழந்தையும் ஒன்றாக அடக்கம் என்பது மட்டும் புரிந்தது. அடுத்த முறை நோட்டோடு வரலாம் என்று கிளம்பிவிட்டேன். திரும்பிப் போக மூன்று வருஷம் ஆயிற்று. அதற்குள் தரை முழுக்க டைல்ஸ் பதித்திருந்தார்கள். பங்கு மக்கள் தங்கள் காசைப் போட்டு ஆசையாகச் செய்த வேலை. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பெயர் போய்விட்டது. எவ்வளவு யோசித்தும் இன்றுவரை எனக்கு நினைவு வரவில்லை.

நீ பார்த்த இடங்களுக்கே வருகிறேன். லஸ் கோயிலை உன் பாட்டி காட்டுக்கோயில் என்றுதான் சொல்வாள். கட்டிய காலத்தில் சுற்றிலும் காடு. கடலில் திசை தவறிய போர்த்துகீசிய மாலுமிகளுக்கு ஒரு வெளிச்சம் வழிகாட்டியதாம். அது மறைந்த இடத்தில் மாதாவுக்குக் கோயில் எழுந்ததாம். போர்த்துகீசிய மொழியில் 'லஸ்' என்றால் வெளிச்சம். பஸ்ஸில் 'லஸ் ஒண்ணு' என்று டிக்கெட் கேட்கிறோமே, அந்த மாதாவின் பெயரைத்தான் சொல்கிறோம். அங்குள்ள கல்வெட்டு 1516 என்கிறது. ஆங்கிலேயர் கோட்டை கட்டத் தொடங்கிய 1640க்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முந்தையது. கோயில் 1516க்குச் சில பத்தாண்டுகள் பிந்தியது என்று சொல்லும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. கல் சொல்வதையும் எழுதிக்கொள், மறுப்பையும் எழுதிக்கொள்.

சாந்தோமில் மூன்று வயதுகளைக் குழப்பிக்கொள்ளாதே. நீ படமெடுத்த வெள்ளைக் கோபுரம் 1896இல் முடிந்தது. அதற்கு முன் அங்கே நின்றது 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் கட்டியது. இயேசுவின் சீடர் தோமா அங்கே அடக்கமானார் என்ற நம்பிக்கை அதைவிட மூத்தது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோவே அதை எழுதியிருக்கிறார்.

பரங்கிமலையில் நீ ஏறிய படிகளைக் கட்டிக் கொடுத்தவர் பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குக் குறுக்கே 1726இல் பாலம் கட்டியவரும் அவரே. அந்தப் பாலம் போய் மறைமலை அடிகள் பாலம் வந்துவிட்டது. அவர் வைத்த கல்வெட்டு இன்னும் சாலையோரம் நிற்கிறது. நின்று பார்க்கிறவர்கள் குறைவு.

நீ விட்டது கதீட்ரல் ரோடு செயின்ட் ஜார்ஜ். அந்த ரோட்டுக்குப் பெயர் கொடுத்ததே அந்தக் கோயில்தான். 1815இல் கட்டியது. தூண்களைத் தொட்டுப் பார். சலவைக்கல் போலக் குளிரும். கல் அல்ல, நம் ஊர்க் கொத்தனார்கள் அரைத்துத் தேய்த்து மெருகேற்றிய சுண்ணாம்பு. உள்ளே ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற மருத்துவரின் சிலை இருக்கிறது. சாயத்துக்கான பூச்சி வளர்க்கச் சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் போட்டவர் அவர். சுதந்திரம் வந்து ஆறு வாரத்தில், 1947 செப்டம்பர் 27 அன்று, தென்னிந்தியத் திருச்சபை பிறந்ததும் அந்தக் கூரையின் கீழேதான். சுவர்களில் உள்ள நினைவுக் கற்களில் இறந்தவர்களின் வயதை மட்டும் வரிசையாக வாசித்துக்கொண்டு போ. இருபதுகளில் போனவர்கள் எத்தனை பேர் என்று எண்ணு.

எழுத்து மங்கிய கல்லுக்கு மேலிருந்து வெளிச்சம் அடித்தால் ஒன்றும் தெரியாது. டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்துப் பக்கவாட்டில் அடி. பள்ளங்களில் நிழல் விழும், எழுத்து எழுந்து வரும். சாக்பீஸ் தேய்க்காதே, எண்ணெய் தடவாதே. புரியாத எழுத்தை ஊகித்து நிரப்பாமல் புள்ளி வை. பூசை நேரத்தில் சுற்றிப் பார்க்கக் கூடாது; உள்ளே மாட்டிக்கொண்டால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிடு. படமெடுக்கப் பங்குத்தந்தையிடமோ உபதேசியாரிடமோ கேள். மூலையில் ஜெபமாலை சொல்லும் பாட்டிக்கு அது காட்சிசாலை அல்ல, அவள் வீடு. அவளிடம் பேச்சுக் கொடு. கல்லில் இல்லாதது அவளிடம் இருக்கும்.

இங்கிலாந்தில் நிக்கோலஸ் பெவ்ஸ்னர் என்பவர் கிராமம் கிராமமாகப் போய்ப் பழைய கோயில்களையும் கட்டடங்களையும் பதிந்தார்; 1951 முதல் 1974 வரை 46 தொகுதிகள் வந்தன. மதராஸ் மாகாணக் கல்லறை வாசகங்களை ஜே. ஜே. காட்டன் என்ற ஆங்கில அதிகாரி 1905இல் தொகுத்தார். அதில் பெரும்பாலும் ஐரோப்பியர்கள். நம் பங்குகளில் அடக்கமான தமிழர்களின் பெயர்களை நாம்தான் எழுத வேண்டும், மதி.

அடுத்த சனிக்கிழமை வா. லஸ்ஸுக்கு மட்டும் போவோம். நோட்டு, இரண்டு பென்சில், டார்ச் எடுத்துக்கொண்டு வா.

அன்புடன்,
அத்தை