நினைவுக்காக ஓடுகிறவர்கள்

தியானப் பகுதி: 1 கொரிந்தியர் 9:24-27



திருப்பூரில் வேலை செய்துவிட்டுப் போளூருக்குத் திரும்பிய ஒரு வாலிபன் எங்களிடம் வந்தான். மரித்த தகப்பனாரின் நினைவாக ஓடி, ஏழை நோயாளிகளுக்குக் காணிக்கை சேர்க்க விரும்பினான். முதல் நாளே மலைச்சாலையில் வேகமாய் ஓடி, மூச்சிரைத்து உட்கார்ந்துவிட்டான். உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் பிராணவாயு குறைவாகவே கிடைக்கும். "தம்பி, பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம் போதும். இடையிடையே நட. ஓய்வு நாளும் வேண்டும்" என்றோம்.

துக்கம் ஒரே நாளில் ஓடி முடிக்கப் பார்க்கும். அன்போ நாள்தோறும் பழகும். கொரிந்துவுக்கு அருகே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இஸ்த்மிய விளையாட்டுகள் நடந்தன. வாடிப்போகும் கிரீடத்துக்காக வீரர்கள் உடலை அடக்கிப் பழகினார்கள். பவுல் ஓட்டத்தை மட்டுமல்ல, அதற்கு முந்தின இச்சையடக்கத்தையும் நமக்குக் காட்டுகிறார்.

டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ல் வேலூரில் ஊழியம் தொடங்கின ஆண்டிலேயே தகப்பனாரை இழந்தார், ஊழியத்தை விடவில்லை. 1902-ல் மருத்துவமனை, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி என்று தொடர்ந்த அவருடைய ஓட்டம், 1960-ல் கொடைக்கானலில் முடிந்தது.

அந்த வாலிபன் இப்போது மெதுவாய் ஓடுகிறான்; ஆனால் தவறாமல் ஓடுகிறான்.

சிந்திக்க: நம் பெற்றோரின் நினைவாக நாம் நாள்தோறும் செய்வது என்ன?