களரிக்கு வரும் பிள்ளைகளுக்கு

1. உங்கள் எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கதை தெரியும். கர்ணன் பதினேழாம் நாள் சாவான், துரியோதனன் பதினெட்டாம் நாள் தொடை முறிந்து விழுவான் என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். அடுத்து என்ன நடக்கும் என்று அறிந்துகொள்ள யாரும் பாயும் போர்வையுமாக வருவதில்லை. இன்றைய கர்ணன் எப்படிச் சாகிறான் என்று பார்க்கவே வருகிறார்கள். தெருக்கூத்தில் நீங்கள் கற்க வேண்டியதெல்லாம் இதிலிருந்துதான் தொடங்குகிறது.

2. மைக் வந்துவிட்டது என்று தொண்டையைச் சுருக்காதீர்கள். முகவீணை உச்சத்தில் நிற்கும். அதற்கு ஈடுகொடுக்க அடிவயிற்றிலிருந்து குரல் எடுத்தால்தான் விடியும்வரை தாங்கும். பின்பாட்டுக்காரர்கள் உங்கள் அடியை வாங்கிப் பாடும் நேரத்தில் மூச்சைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கால் மட்டும் தாளத்தை விடக்கூடாது.

3. திரைப் பிரவேசத்துக்கு அவசரமே வேண்டாம். இரண்டு பேர் திரையைப் பிடித்திருக்க, முதலில் குரல் மட்டும் வரட்டும். பிறகு கிரீடத்தின் உச்சி தெரியட்டும். புஜக்கட்டையில் ஒட்டிய கண்ணாடிச் சில்லுகள் விளக்கில் மின்னியபின் முகத்தைக் காட்டுங்கள். திரை விலகியதும் எடுக்கும் கிறிக்கிச் சுழற்சியில் கட்டையின் பாரம் உங்களை இழுக்கும். அந்த இழுப்புக்கு உடம்பைக் கொடுத்துச் சுழன்று, தாளம் முடியும் இடத்தில் சட்டென்று நில்லுங்கள். ராஜா வந்துவிட்டான் என்று ஜனம் நம்புவது அந்த நிற்றலில்தான்.

4. பட்டணத்தில் பயிற்சி பெற்று வருபவர்கள் ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி பெயரைச் சொல்லி, பாத்திரமாகவே மாறிவிட வேண்டும் என்பார்கள். அவர் பெரிய ஆசான். ஆனால் இங்கே துரியோதனன், 'துரியோதனன் வந்தான்' என்று தன்னையே வெளியில் வைத்துப் பாடிக்கொண்டு வருகிறான். யாரப்பா நீ என்று கட்டியக்காரன் கேட்ட பிறகுதான் 'நான்' என்கிறான். ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட் 1935இல் மாஸ்கோவில் சீன நடிகர் மெய் லான்ஃபாங்கின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, பாத்திரத்தின் பக்கத்தில் நின்று அதைக் காட்டும் நடிப்பைப் பற்றி எழுதினார். கூத்துக்காரருக்கு அது கைவந்த வழக்கம். 1977இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறையில் நகரத்து நடிகர்களுக்குப் புரிசை கண்ணப்பத் தம்பிரான் கற்றுக்கொடுத்ததும் இந்த ஆட்டமுறையைத்தான்.

5. கட்டியக்காரன் வேஷத்தைச் சிறிதென்று நினைக்காதீர்கள். கதையை நடத்துபவன், ஊர்க்காரர் சார்பில் ராஜாவைக் கேள்வி கேட்பவன், உறங்குபவர்களை எழுப்புபவன் எல்லாம் அவனே. நன்றாகப் பாடத் தெரிந்தவர்களுக்கே அதைக் கொடுக்க வேண்டும் என்பேன்.

6. கைதட்டலை வைத்து உங்களை எடைபோடாதீர்கள். சபா அரங்கில் ஒன்றரை மணி நேரத்துக்குச் சுருக்கிய கூத்துக்கு எல்லோரும் தட்டுவார்கள். அதில் உங்கள் பங்கு எவ்வளவு என்று கண்டுபிடிக்க முடியாது. ஊரில் கணக்கு வேறு. கர்ண மோட்சத்தில் கர்ணனும் அவன் மனைவி பொன்னுருவியும் தர்க்கம் செய்யும்போது இரவு வெகுநேரமாகியிருக்கும். பிறப்பைச் சொல்லி அவள் இழிக்க, போருக்குப் புறப்பட்டவன் நின்று பதில் சொல்கிறான். அப்போது படுத்திருந்த பாட்டி எழுந்து உட்கார்ந்தால் வேஷம் நின்றது. டீக்கடைப் பக்கம் கூட்டம் நகர்ந்தால் தர்க்கம் தளர்ந்துவிட்டது; பாட்டை நீட்டாமல் அடுத்த கட்டத்துக்குப் போங்கள். மறுநாள் காலையில் ஊர்ப் பெரியவர்கள் பேசுவதைத் தள்ளி நின்று கேளுங்கள். எந்த அடி தாளம் தப்பியது, எந்த வசனம் விட்டுப்போனது என்று துல்லியமாகச் சொல்வார்கள். அடுத்த வருஷத்துக்கும் அதே கூத்துக் குழுவுக்கு வெற்றிலை பாக்கு வைத்தார்களானால் அதைவிடப் பெரிய விமர்சனம் கிடையாது.

7. துகில் உரிதலில் துச்சாதனன் வேஷம் கட்டுபவர், சேலையில் கை வைக்கும் முன் கற்பூரம் ஏற்றிக் கும்பிடும் வழக்கத்தை விடவேண்டாம். எதிரே இருப்பவர்களுக்குத் திரௌபதி அம்மன், கோயிலில் இருக்கும் தெய்வம்.

8. மழை மாதங்களில் கூத்து குறையும். அந்த நாட்களில் மிருதங்கக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போடப் பழகுங்கள். பெண் வேஷம், ராஜ வேஷம் என்று பிரிக்காமல் எல்லா வேஷத்தின் பாட்டையும் மனப்பாடம் செய்யுங்கள். யாருக்காவது காய்ச்சல் வந்தால் அன்றிரவே நீங்கள் கட்டை கட்ட வேண்டியிருக்கும்.