மருந்து தீர்ந்தது... உறை எங்கே போகும்?

இரைப்புக்கு என்னிடம் மூன்று மாதமாய் மருந்து சாப்பிட்டு வந்தார் ஓர் அம்மா. தாளிசாதிச் சூரணமும் ஆடாதோடை மணப்பாகும் கொடுத்து வந்தேன். பகலில் மூச்சு சீராக இருக்கும். விடிந்ததும் இழுப்பு வந்துவிடும். பத்தியத்தில் குறையில்லை.

"காலையில எழுந்ததும் முதல் வேலை என்னம்மா?" என்று கேட்டேன்.

"வெந்நீர் அடுப்பு பத்த வைப்பேங்க டாக்டர். விறகு ஈரமா இருந்தா பிளாஸ்டிக் கவரைப் போட்டுப் பத்த வைப்பேன். அதுலயும் நீங்க குடுக்கிற சூரணக் கவர்தான் குபீர்னு பிடிக்குது!"

எனக்குச் சுருக்கென்றது. ஒரு கையால் மருந்து கொடுத்து, மறு கையால் புகையையும் அல்லவா கொடுத்திருக்கிறேன்!

"பழைய சாமான்காரரிடம் போடக் கூடாதா?"

"மணப்பாகு பாட்டிலை எடுத்துக்கிறாரு. கவரைத் தொடவே மாட்டேங்கிறாருங்க."

இந்த ஒரு பதிலில் ஒரு சட்டமே அடங்கியிருக்கிறது. அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

விற்றவருக்கும் பொறுப்பு உண்டு

பொருளை உறையில் போட்டு விற்றவர், அந்த உறை குப்பையான பிறகும் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும். இதற்கு 'நீட்டிக்கப்பட்ட உற்பத்தியாளர் பொறுப்பு' என்று பெயர். ஜெர்மனியில் 1991-லேயே உறைகளுக்கு இப்படிச் சட்டம் வந்துவிட்டது. நம் நாட்டில் 2016-ம் வருட பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளில் இது இடம் பெற்றது. 2022 பிப்ரவரியில் விரிவான வழிமுறைகள் வந்தன. பிளாஸ்டிக் உறை தயாரிப்பவர், இறக்குமதி செய்பவர், தன் பெயர் போட்டு விற்கும் பிராண்டு உரிமையாளர் ஆகியோர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்து கணக்குக் காட்ட வேண்டும். அந்தக் கணக்குக்காக உறைகளை வகை பிரித்திருக்கிறார்கள். முக்கியமான நான்கு வகைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் வகை: கெட்டியானவை

மணப்பாகு பாட்டில், லேகிய டப்பா, ஷாம்பு பாட்டில், 20 லிட்டர் தண்ணீர் கேன். பெரும்பாலும் ஒரே வகை பிளாஸ்டிக்கில் செய்தவை. அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 1 என்றால் பெட், 2 என்றால் கெட்டி பாலிதீன், 5 என்றால் பாலிபுரொப்பிலீன். உருக்கி மறுபடி பொருள் செய்யலாம் என்பதால் பழைய சாமான்காரர் காசு கொடுத்தே வாங்குகிறார். 2027-28-ல் இந்த வகையில் கம்பெனிகளின் பொறுப்பில் வரும் அளவில் குறைந்தது 80 சதவீதம் மறுசுழற்சி ஆக வேண்டும்.

இரண்டாம் வகை: மடங்குபவை

பால் கவர், பருப்பு பாக்கெட், பாலிதீன் பைகள். ஓர் அடுக்காகவோ பல அடுக்காகவோ இருக்கலாம். ஆனால் எல்லா அடுக்கும் பிளாஸ்டிக்தான். பால் கவரைக் கழுவிக் காயவைத்துக் கொடுத்தால் வாங்க ஆள் உண்டு. தயிர் நாறும் கவரை யாரும் தொட மாட்டார்கள். 2027-28-க்கான இலக்கு 60 சதவீதம்.

மூன்றாம் வகை: கலப்பு அடுக்கு

பிளாஸ்டிக்கோடு அலுமினியத் தகடோ காகிதமோ சேர்த்து ஒட்டியது. அட்டைப் பெட்டியில் வரும் பழரசம், மாத்திரை அட்டை, உள்ளே வெள்ளியாய்ப் பளபளக்கும் எங்கள் சூரணக் கவர் எல்லாம் இதில் அடங்கும். இதை ஏன் பயன்படுத்துகிறோம்? ஈரக்காற்று உள்ளே போகாது. சூரணம் கட்டி தட்டாது, மணமும் போகாது. பொருளைக் காக்கும் அந்த ஒட்டுதான் பிரித்தெடுக்கத் தடையாகவும் இருக்கிறது. பிரிக்க முடியாததை எவர் வாங்குவார்? இதற்கும் இலக்கு 60 சதவீதம். மறுசுழற்சிக்கு ஆகாதது ரோடு போடவும் சிமென்ட் சூளைக்கும் போகலாம் என்கிறது விதி. பிளாஸ்டிக் கழிவைத் தாரோடு சேர்த்து ரோடு போடும் முறையைக் கண்டவர் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன். 2018-ல் பத்மஸ்ரீ பெற்றவர்.

நான்காம் வகை: மக்கும் பிளாஸ்டிக்

'மக்கும்' என்று போட்டிருப்பதாலேயே ரோஜாத் தொட்டியில் புதைத்துவிடாதீர்கள். பெரிய உரக்கூடத்தின் சூடும் ஈரமும் இருந்தால்தான் இது ஒழுங்காக மக்கும். மற்ற பிளாஸ்டிக்கோடு கலந்தால் அந்த மறுசுழற்சியையும் கெடுக்கும்.

அடுப்பு, சிமென்ட் சூளை ஆகாது

"சூளையில எரிக்கலாம், நாங்க எரிக்கக் கூடாதா?" என்று கேட்பீர்கள். சிமென்ட் சூளையின் வெப்பம் ஆயிரம் டிகிரிக்கும் மேல். வெந்நீர் அடுப்பில் பிளாஸ்டிக் பாதி வெந்தும் வேகாமலும் கரும்புகையாகிறது. அந்த நுண்துகள் நேரே மூச்சுக்குழாயைத் தாக்கும். மாத்திரை அட்டை பலவற்றில் பி.வி.சி. என்ற குளோரின் கலந்த பிளாஸ்டிக் இருக்கிறது. அதை எரித்தால் டயாக்ஸின் என்ற கொடிய நஞ்சு உண்டாகும். இழுப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைச் செய்யவே கூடாது.

வீட்டில் செய்ய வேண்டியது

* பாட்டில், டப்பா ஒரு பை. பால் கவர் போன்றவை ஒரு பை. பளபளக் கவரும் மாத்திரை அட்டையும் ஒரு பை. மூன்று பழைய கோணிப்பை போதும்.
* எதையும் கழுவிக் காயவைத்துப் போடுங்கள். மூன்றாவது பையைத் தூய்மைப் பணியாளரிடம் உலர் குப்பையாகத் தனியே கொடுங்கள்.
* ஒரே பொருள் பாட்டிலிலும் பளபளக் கவரிலும் கிடைத்தால் பாட்டிலை வாங்குங்கள். பத்து சின்னப் பாக்கெட்டுக்குப் பதில் ஒரு பெரிய பாக்கெட்.
* காலி மருந்து பாட்டிலில் எண்ணெய், ஊறுகாய் வைக்காதீர்கள். சூடான ரசத்தைப் பாலிதீன் கவரில் வாங்காதீர்கள். தூக்குவாளி இருக்கவே இருக்கிறது.
* கடைக்குத் துணிப்பை எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் கைப்பை எந்தத் தடிமனில் இருந்தாலும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடைதான்.

என்னைப் போன்ற சின்ன வைத்தியசாலைக்காரர்களை, பெயர் போட்டு விற்பவர் என்ற முறையில், விதி நேரடியாகப் பொறுப்பாக்கவில்லை. குறு, சிறு நிறுவனங்களுக்கு அதில் விலக்கு. ஆனால் மனசாட்சிக்கு விலக்கு உண்டா? இப்போது சூரணத்தைக் கண்ணாடி பாட்டிலில் கொடுக்கிறேன். அடுத்த முறை அதைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுவந்தால் அதிலேயே மருந்து. மழைக்காலத்தில் சில மருந்துக்குக் கவர் தவிர்க்க முடியவில்லை. காலிக் கவரைத் திருப்பி வாங்கிச் சேர்த்து உலர் குப்பையில் கொடுக்கிறேன்.

அந்த அம்மா கவர் போடுவதை நிறுத்திவிட்டார். வெந்நீர் கேஸ் அடுப்பில். ஆங்கில மருத்துவர் கொடுத்த இன்ஹேலரையும் விடாமல் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். இழுப்பு அடியோடு போகவில்லை. ஆனால் விடியற்காலை இழுப்பு வெகுவாகக் குறைந்திருக்கிறது. மருந்து என்னவோ அதே மருந்துதான்!