இணையத் தாக்குதல் வரைபடத்தைப் படிக்கும் முறை

புயல் செல்லும் திசையை வானிலை நிலையத்தார் தேசப்படத்தில் குறித்துக் காட்டுவதை யாவரும் அறிவர். அவ்வாறே, கணிப்பொறிகள்மீது உலகெங்கும் நிகழும் தாக்குதல்களை உடனுக்குடன் காட்டும் வரைபடங்களும் இணையத்தில் உள்ளன. காஸ்பர்ஸ்கி, செக் பாயிண்ட் முதலிய பாதுகாப்பு நிறுவனங்கள் இவற்றை நடத்துகின்றன. புள்ளிகள் மின்னுவதையும் நாடுவிட்டு நாடு கோடுகள் பாய்வதையும் கண்ட மாணாக்கர், “நம் ஊர் இதில் தெரியுமா?” என்று வினவுதல் இயல்பே. விடை கூறுமுன், ஒரு புள்ளி எவ்வாறு உண்டாகிறது என்பதை ஆசிரியர் அறிந்திருத்தல் வேண்டும். நகரியும் திருப்பதியும் ஒருங்கே அடங்கியிருந்த அன்றைய சித்தூர் மாவட்டத்தை 2017-இல் தொட்ட ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு இதனை விளக்குவோம்.

வானாக்ரை பரவிய வரலாறு

2017 மே 12-ஆம் தேதி ‘வானாக்ரை’ என்னும் நச்சு நிரல் உலகில் பரவத் தொடங்கியது. அது புகுந்த கணிப்பொறியிலுள்ள கோப்புகள் திறக்கவொண்ணாதபடி பூட்டப்பட்டன. பூட்டைத் திறக்க 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் தரவேண்டும் என்ற அறிவிப்பும் திரையில் தோன்றியது. எவரும் எதையும் அழுத்தாமலேயே, ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்கு அது தானே தாவிச் சென்றது. ஏறக்குறைய 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கணிப்பொறிகள் பாதிக்கப்பட்டன. இங்கிலாந்தில் மருத்துவமனைகளின் பணிகள் தடைப்பட்டன. ஆந்திரப் பிரதேசத்தில் சித்தூர் உள்ளிட்ட சில மாவட்டங்களின் காவல் துறைக் கணிப்பொறிகளும், திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் அலுவலகக் கணிப்பொறிகள் சிலவும் இதற்கு இலக்காயின.

விண்டோஸில் கோப்புகளைப் பகிரும் பகுதியிலிருந்த ஒரு குறையே இதற்கு வழிவிட்டது. அக்குறையைச் சரிசெய்யும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அவ்வாண்டு மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. எனவே, மருந்து வந்து இரண்டு மாதங்கள் ஆகியும் அதை உட்கொள்ளாத கணிப்பொறிகளே பெரும்பாலும் நோயுற்றன எனலாம்.

புள்ளி தோன்றிய விதம்

இந்நிரலில் ஒரு விசித்திரம் இருந்தது. கோப்புகளைப் பூட்டுமுன், நீண்டதொரு இணைய முகவரியை அது தொடர்புகொள்ள முயலும். விடை கிடைத்தால் வேலையை நிறுத்திவிடும். கிடைக்காவிட்டால் பூட்டத் தொடங்கும். அம்முகவரி எவராலும் பதிவு செய்யப்படாமல் இருந்தது. மார்க்கஸ் ஹட்சின்ஸ் என்ற பிரிட்டிஷ் இளைஞர் சில டாலர் செலவில் அன்றே அதைப் பதிவு செய்தார். அதன் பின்னர், நிரல் புகுந்த கணிப்பொறிகள் உலகெங்கிலுமிருந்து அவருடைய சர்வரை அழைக்கலாயின. ஒவ்வோர் அழைப்பின் நேரமும், அது வந்த இணைய எண்ணும் சர்வரில் பதிவாயின. எந்த எண் எந்த ஊருக்குரியது என்று கூறும் அட்டவணையோடு ஒப்பிட்டு, வரைபடத்தில் ஒரு புள்ளி இடப்பட்டது. உலகம் அன்று பார்த்த வானாக்ரை வரைபடம் இவ்வாறு உருவானதே.

இங்கே கவனிக்கத்தக்க உண்மை ஒன்று உண்டு. சர்வரை அழைத்து விடை பெற்ற கணிப்பொறியில் நிரல் அப்போதே நின்றுவிட்டது. ஆகவே, படத்தில் மின்னிய புள்ளிகளிற் பல, நிரல் புகுந்தும் கோப்புகளை இழக்காது தப்பிய கணிப்பொறிகளையே குறித்தன. வெளி இணையத்தை நேரே அடைய இயலாத அலுவலக வலையமைப்பில் இருந்தவையோ விடை பெறவில்லை. அவற்றின் கோப்புகள் பூட்டப்பட்டன. அவை படத்தில் தோன்றவுமில்லை. முகவரி பதிவாகுமுன் பூட்டப்பட்டவற்றின் இழப்பையும் அப்படம் காட்டவில்லை. புள்ளி இல்லாத இடம் பாதுகாப்பான இடம் என்று கொள்வது எவ்வளவு பிழை என்பது இதனால் விளங்கும்.

மேலும் மூன்று எச்சரிக்கைகள்

முதலாவது, இடம். இணைய எண் என்பது கடிதத்தின்மேல் விழும் தபால் முத்திரை போன்றது. அது கடிதம் எந்த அஞ்சலகத்தில் சேர்ந்தது என்பதைக் கூறுமேயன்றி, எழுதியவர் வீட்டைக் கூறாது. நகரியிலுள்ள கணிப்பொறி ஒன்று, இணைப்புத் தரும் நிறுவனத்தின் பதிவைப் பொறுத்து, சென்னையிலோ ஹைதராபாத்திலோ புள்ளியாகத் தோன்றலாம்.

இரண்டாவது, எண்ணிக்கை. ஒரு விசைத்தறிக் கூடத்தில் ஐந்து கணிப்பொறிகள் ஒரே இணைப்பைப் பயன்படுத்தினால், வெளியே தெரிவது ஒரே எண்தான். எனவே ஐந்தும் ஒரு புள்ளியாகவே தோன்றக்கூடும்.

மூன்றாவது, தாக்கியவர். கோடு புறப்படும் நாடே குற்றம் புரிந்த நாடு என்று கொள்ளலாகாது. பிறர் கணிப்பொறியை வசப்படுத்தி அதன் வழியே தாக்குதல் வழக்கம். வானாக்ரைக்கு வட கொரியாவே பொறுப்பு என்று அமெரிக்காவும் பிரிட்டனும் 2017 டிசம்பரில் அறிவித்தது, பல மாத ஆராய்ச்சிக்குப் பின்னரே ஆகும்; எந்த வரைபடமும் அதைக் காட்டவில்லை.

நாம் செய்யவேண்டுவன

வரைபடம் பயனற்றது என்பது கருத்தன்று. ஆபத்து பரவும் வேகத்தையும் பரப்பையும் அது உணர்த்துகிறது. ஆயினும் காப்பு நம் மேசையிலேயே உள்ளது. திருத்தங்கள் வந்தவுடன் அவற்றை நிறுவுக. பதிவேடுகளுக்கு மறுபடி எடுத்து, கணிப்பொறியோடு இணைக்காமல் தனியே வைக்க. தாக்குதல் நேர்ந்தால் உடனே வலையமைப்பு இணைப்பைத் துண்டித்து, மேலதிகாரிக்குத் தெரிவிக்க. இத்தகைய நிகழ்ச்சிகளை ஆறு மணி நேரத்துக்குள் செர்ட்-இன் அமைப்புக்கு அறிவிக்கவேண்டும் என்று 2022-ஆம் ஆண்டின் மத்திய அரசு ஆணை அலுவலகங்களையும் நிறுவனங்களையும் பணிக்கிறது.

வகுப்பில் செய்து காட்டல்

மாணாக்கர் பதின்மரைக் கணிப்பொறிகளாக நிறுத்தி, ஒருவரைச் சர்வராக அமர்த்துக. ஆறு பேர் சர்வரிடம் கைதூக்கி விடை பெறட்டும். நால்வர் திரைக்குப் பின்னே நிற்கட்டும். சர்வராக இருப்பவர் கண்டவர்களை மட்டும் கரும்பலகையில் புள்ளியிடட்டும். பின்னர், “கோப்புகளை இழந்தவர் எத்தனை பேர்? அவர்களுள் பலகையில் உள்ளவர் எத்தனை பேர்?” என்று கேட்க. விடை கூறும்போதே பாடத்தின் கருத்து மாணாக்கர் மனத்தில் பதியும்.