சுண்டுவிரலை ஒட்டிய எலும்பு முறிந்தால்

எலும்பு முறிவுப் பிரிவுக்கு வரும் இளைஞர்களும் அவர்களுடைய பெற்றோரும் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "தொலைக்காட்சியில் பார்த்தோமே, அந்தக் கால்பந்து வீரருக்கும் பாதத்தில்தானே முறிவு? அவர் எட்டே வாரத்தில் களமிறங்கிவிட்டாரே, எங்கள் பிள்ளைக்கு ஏன் மூன்று மாதம் என்கிறீர்கள்?" இது நியாயமான கேள்வி. பாதத்தில் எந்த எலும்பு, அந்த எலும்பில் எந்த இடம் என்பதில்தான் இதற்குரிய விடை அடங்கியிருக்கிறது.

விரல்களுக்கும் கணுக்காலுக்கும் இடையே ஐந்து நீண்ட எலும்புகள் உள்ளன. மருத்துவர்கள் இவற்றை மெட்டாடார்சல் என்பர். பெருவிரல் பக்கம் முதலாவது, சுண்டுவிரல் பக்கம் ஐந்தாவது. இங்கிலாந்து வீரர் டேவிட் பெக்காமுக்கு 2002 ஏப்ரல் 10 அன்று இடது பாதத்தின் இரண்டாம் எலும்பு முறிந்தது. 53 நாள்களில், ஜூன் 2 அன்று, உலகக் கோப்பையில் சுவீடனுக்கு எதிராக அவர் ஆடினார். வெய்ன் ரூனிக்கு 2006 ஏப்ரல் 29 அன்று வலது பாதத்தின் நான்காம் எலும்பு முறிந்தது. 47 நாள்களில் அவரும் உலகக் கோப்பைக் களத்தில் இறங்கினார். ஆனால் அந்தத் தொடரில் அவர் ஒரு கோல்கூட அடிக்கவில்லை என்பதை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. நடுவிலுள்ள எலும்புகளுக்கு இருபுறமும் அண்டை எலும்புகள் சட்டம்போல் துணை நிற்கின்றன. ஆகவே அவை பெரும்பாலும் விலகாமல் கூடிவிடும்.

ஐந்தாம் எலும்பின் கதை வேறு. பிரேசில் வீரர் நெய்மாருக்கு 2018 பிப்ரவரி 25 அன்று மார்செய் அணியுடனான ஆட்டத்தில் வலது கணுக்கால் மடங்கிற்று. ஐந்தாம் எலும்பில் விரிசல் கண்டது. மார்ச் 3 அன்று பெலோ ஒரிசோஞ்சி நகரில் அறுவை சிகிச்சை நடந்தது. ஜூன் 3 அன்று குரோவேசியாவுக்கு எதிராக மாற்று வீரராக இறங்கிக் கோலும் அடித்தார். முறிவிலிருந்து எண்ணினால் 98 நாள்கள். உலகின் மிகச் சிறந்த மருத்துவக் குழுக்களுள் ஒன்று இரவு பகலாக உடனிருந்தும் இத்தனை நாள்கள் ஆயின.

அத்துடன் முடியவில்லை. 2019 ஜனவரி 23 அன்று ஸ்திராஸ்பூர் அணியுடனான ஆட்டத்தில் அதே பாதத்தின் அதே எலும்பு மீண்டும் பாதிக்கப்பட்டது. இம்முறை அறுவை சிகிச்சையின்றி ஓய்வும் பயிற்சியும் கொண்டு குணப்படுத்துவது என்று முடிவாயிற்று. பத்து வாரம் என்று அணி நிர்வாகம் அறிவித்தது. ஏப்ரல் 21 அன்று அவர் திரும்பியபோது பன்னிரண்டு வாரங்களுக்கு மேலாகியிருந்தது. முதல் முறை அவசரப்பட்டதே காரணம் என்று சொல்லிவிட இயலாது. திரும்பி வந்து ஏழு மாதங்களுக்கு மேல் ஆடிய பின்னரே அது நிகழ்ந்தது. இந்த எலும்பின் இயல்பே அத்தகையது.

இயல்புக்குக் காரணம் இரத்த ஓட்டம். ஐந்தாம் எலும்பின் அடிப்பகுதிக்கு ஒரு பக்கத்திலிருந்தும் நடுத்தண்டுக்கு மறு பக்கத்திலிருந்தும் இரத்தக் குழாய்கள் வருகின்றன. இரண்டும் சந்திக்கும் இடம், வாய்க்காலின் கடைமடை வயல்போல, குறைந்த இரத்தமே பெறுகிறது. அவ்விடத்தில் ஏற்படும் முறிவுக்கு ஜோன்ஸ் முறிவு என்று பெயர். ராபர்ட் ஜோன்ஸ் என்ற அறுவை மருத்துவர் 1902இல் இதனை விளக்கி எழுதினார். நடனமாடும்போது தம்முடைய சொந்தக் காலில் பட்ட அடியையும் அவர் அதில் சேர்த்துக்கொண்டார். இதற்கு மோதலோ பெரிய விபத்தோ தேவையில்லை என்பதற்கு அவரே சான்று. பேருந்துப் படியில் கால் மடங்கினாலும் லாரியின் ஓட்டுநர் இருக்கையிலிருந்து குதித்து இறங்கினாலும் போதும்.

இதே எலும்பின் நுனிமுனையில் தசைநார் இழுத்து ஒரு சிறு துண்டு பெயர்வதும் உண்டு. அது கவலைக்குரியதன்று, பெரும்பாலும் கெட்டியான அடியுள்ள காலணியுடன் நடந்துகொண்டே ஆறு முதல் எட்டு வாரங்களில் தேறிவிடலாம். இரண்டு முறிவுகளுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு விரல் அகலமே தூரம். வீக்கமும் வலியும் ஒன்றுபோலவே இருக்கும். எக்ஸ்ரே எடுக்காமல் பிரித்தறிய முடியாது. நாட்டுக் கட்டுக்குச் சென்று சில வாரம் கழித்து எங்களிடம் வருவோரை நாங்கள் கடிந்துகொள்வதில்லை. கட்டுப் போடுமுன் ஒரு படம் எடுத்திருந்தால் என்று மட்டும் எண்ணிக்கொள்கிறோம்.

ஜோன்ஸ் முறிவுக்கு வழக்கமான சிகிச்சை, பாதத்தைத் தரையில் ஊன்றாமல் ஆறு முதல் எட்டு வாரம் மாவுக்கட்டு. அல்லது எலும்பின் உள்ளே திருகாணி பொருத்தும் அறுவை சிகிச்சை. விளையாட்டு வீரர்களுக்கும், எலும்பு கூடாமல் போனவர்களுக்கும் பின்னதையே பெரும்பாலும் பரிந்துரைக்கிறோம். திருகாணி முறிவை அசையாமல் பிடித்துக்கொள்ளும்; கூட வேண்டியது எலும்புதான். அதற்குப் பீடி, சிகரெட் பெரும் தடை. புகைப்பவரின் எலும்பு தாமதமாகக் கூடும், சில வேளை கூடாமலே போகும். உணவைப் பொறுத்தவரை நம் வட்டாரத்தவர் கொடுத்து வைத்தவர்கள். நாமக்கல் முட்டை ஒன்றில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் இருக்கிறது. கேழ்வரகுக் களி சுண்ணாம்புச் சத்துத் தரும். விலையுயர்ந்த மாவு டப்பா வாங்க வேண்டிய தேவை பெரும்பாலோர்க்கு இல்லை.

"ஊன்றாமல்" என்ற ஒரு சொல்லில்தான் வீட்டின் சிரமமெல்லாம் தொடங்குகிறது. ஊன்றுகோலுடன் படியேறும்போது நல்ல கால் முதலில் ஏற வேண்டும். இறங்கும்போது ஊன்றுகோலும் அடிபட்ட காலும் முதலில் இறங்க வேண்டும். குந்தி அமரும் கழிப்பறை இக்காலத்தில் ஆபத்தானது. நடுவில் துளையுள்ள நாற்காலி மலிவாகவே கிடைக்கும். சம்மணமிட்டு அமர்வதையும் தவிர்க்க வேண்டும். அந்த இருப்பில் பாதத்தின் வெளிவிளிம்பு, அதாவது முறிந்த எலும்பே, தரையில் அழுந்துகிறது. சேலத்துக் கொலுசுப் பட்டறைகளில் தரையில் அமர்ந்து வேலை செய்வோரிடம் இதைத் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்கள் நிற்கவுமில்லை, நடக்கவுமில்லை. ஆகவே வேலைக்குப் போகலாம் என்று எண்ணிவிடுகிறார்கள். மேசை உயரத்தில் வேலை செய்ய முதலாளி இசைந்தால் சீக்கிரம் திரும்ப வழியுண்டு. வலது கால் என்றால் வண்டியின் பிரேக்கை மிதிப்பது அந்தக் கால்தான் என்பதை ஓட்டுநர்கள் மறக்கலாகாது.

நான்காவது வாரம் பெரும்பாலோர்க்கு வலி வெகுவாகக் குறைந்துவிடும். அந்த வாரத்தைத்தான் நாங்கள் அஞ்சுகிறோம். வலி நின்றது எலும்பு கூடியதற்கு அடையாளமன்று. தொட்டால் நோகாமை, எக்ஸ்ரேயில் இணைப்புத் தெரிதல் இரண்டும் சேர்ந்தால்தான் ஊன்றுவதற்கு அனுமதி. பிறகு பாதி எடை, முழு எடை, முன்பாதத்தில் எழுந்து நிற்றல், ஒற்றைக் காலில் சமநிலை, நேர் ஓட்டம் என்று இயன்முறை மருத்துவர் படிப்படியாகக் கொண்டுசெல்வார். ஓடிக்கொண்டே சட்டென்று திசை திரும்புவது கடைசிப் படி. கால்பந்தும் கபடியும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. ஒரு படியில் வலியோ வீக்கமோ கண்டால் முந்தைய படிக்குத் திரும்புவதில் வெட்கமில்லை.

நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. பல ஆண்டு நீரிழிவால் பாதம் உணர்விழந்திருந்தால் முறிந்த எலும்பின்மேலேயே நடந்துகொண்டிருப்பார்கள். ஒரு பாதம் மட்டும் சூடாக, சிவந்து, வலியின்றி வீங்கியிருந்தால் சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் தேய்க்காமல் அன்றைக்கே காலை ஊன்றாமல் வர வேண்டும். தாமதித்தால் பாதத்தின் வடிவமே குலைந்துபோகலாம்.

மாவுக்கட்டுப் போட்ட எவருக்கும் விரல்கள் நீலம் பாய்ந்தாலும், மரத்துப்போனாலும், காலை உயர்த்தி வைத்தும் வலி ஏறிக்கொண்டே போனாலும், கெண்டைக்கால் வீங்கி நொந்தாலும், இரவென்று பாராமல் அவசரப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். திடீரென மூச்சுத் திணறினால் ஒரு நொடியும் தாமதிக்காமல் 108ஐ அழையுங்கள். மறு பரிசோதனைக்கு வரும்போது முதல் நாள் எடுத்த எக்ஸ்ரேயையும் கையோடு கொண்டுவாருங்கள். எலும்பு கூடியிருப்பதை இரண்டு படங்களையும் அருகருகே வைத்துத்தான் காண முடியும்.